பழைய ஜப்பானிய வாள்: பார்க்கப் பழகி, பிறகு வாங்குவதற்கான முழு வழிகாட்டி

ஜப்பானிய வாள் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது கொல்லரின் கையொப்பத்தை. யார் செய்தது, எந்தக் காலம், என்ன விலை பெறும் என்ற எல்லாவற்றுக்கும் அதிலேயே பதில் இருக்கும் என்று நம்பிக்கை. ஆனால் இந்தத் துறையில் அதிகம் ஏமாற்றுவது அந்தக் கையொப்பம்தான். 17-ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய தோக்கியோ) நகசோனே கொதெட்சு என்றொரு கொல்லர் இருந்தார். கவசம் செய்துகொண்டிருந்தவர், பிறகு வாளுக்கு மாறி பெரும் புகழ் பெற்றார். அவர் பெயர் வெட்டிய வாளைக் கண்டால் போலி என்றே எடுத்துக்கொள் என்று ஜப்பானியச் சேகரிப்பாளர்களே சொல்வார்கள். அவ்வளவு போலிகள்.

அதனால் இங்கே வரிசையை மாற்றிக்கொள்வோம். முதலில் வடிவம், அடுத்து எஃகு, பிறகு சூடான வாளைத் தண்ணீரில் தோய்க்கும்போது விளிம்பை ஒட்டி உருவாகும் தோய்ச்சல் கோடு, அதற்கப்புறம் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி, பெயர் கடைசியில். இந்த வரிசையில் பார்க்கப் பழகியவரைக் கையொப்பத்தால் ஏமாற்றுவது கடினம்.

படி 1: அளவும் காலமும்

ஜப்பானியர்கள் வாளை ஷாகு என்ற அளவால் பிரிக்கிறார்கள். 1 ஷாகு 30.3 செ.மீ. அதற்குக் குறைந்தது தாந்தோ, 1 முதல் 2 ஷாகு வரை வாகிசாஷி, 2 ஷாகுவுக்கு மேல் கட்டானா அல்லது தாச்சி. நீளத்தை அளக்கும்போது கைப்பிடிக்குள் போகும் பகுதியைச் சேர்க்கக் கூடாது. வாளின் முதுகில், அடிப்பகுதி தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன வெட்டுப்படி இருக்கும். அங்கிருந்து முனை வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். அந்த நேர்கோட்டுக்கும் முதுகுக்கும் இடையே அதிகபட்ச இடைவெளி எவ்வளவோ அதுதான் வளைவின் அளவு.

கட்டானாவுக்கும் தாச்சிக்கும் உள்ள வேறுபாடு, இடுப்பில் அணியும் விதத்தில் இருக்கிறது. தாச்சியைக் கூர்விளிம்பு கீழே பார்க்கத் தொங்கவிடுவார்கள். கட்டானாவைக் கூர்விளிம்பு மேலே பார்க்க இடுப்புக்கச்சையில் செருகுவார்கள். இரண்டிலும் பெயர் பொதுவாக வெளிப்பக்கம்தான் இருக்கும் என்பதால், இரண்டின் கையொப்பமும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும்.

காலப்பிரிவுகளில் மூன்றை மனதில் வைத்தால் போதும். 1596-க்கு முந்தையது கொத்தோ, அதாவது பழைய வாள். அங்கிருந்து 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஷிந்தோ. பிறகு, பொது இடத்தில் வாள் அணிவதைத் தடுத்த 1876-ஆம் ஆண்டு ஆணை வரை ஷின்ஷிந்தோ. கொத்தோ காலத்தில் யமாஷிரோ, யமாதோ, பிசென், சோஷு, மினோ என்று ஐந்து மரபுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் கண்ணால் பார்க்காமல் எதுவும் மனதில் தங்காது.

படி 2: வாங்குவதற்கு முன் பார்ப்பது

முதல் ஓராண்டு பணத்தைத் தொடாதீர்கள். அந்தக் காலத்தை நல்ல வாள்களைப் பார்ப்பதற்குச் செலவிடுங்கள். தோக்கியோவில் ரியோகொகு பகுதியில் வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. 2018-இல் யோயோகியிலிருந்து இங்கே மாறியது. உயெனோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் தோஜிகிரி யசுட்சுனா, மிகாசுகி முனேச்சிகா போன்ற தேசியப் பொக்கிஷங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எப்போதும் வைத்திருக்க மாட்டார்கள், காட்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒகாயாமா மாகாணத்தின் செத்தோஉச்சி நகரில் பிசென் ஒசாஃபுனே அருங்காட்சியகம் உண்டு. சான்ச்சோமோ என்ற தேசியப் பொக்கிஷ வாளை அந்நகரம் 2020-இல் 50 கோடி யென்னுக்கு, பெருமளவு நன்கொடை திரட்டி, சொந்தமாக்கிக்கொண்டது. அந்த வாள் பிறந்த மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்று ஒரு சிறு நகரம் இவ்வளவு பாடுபட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சிதான். ஜப்பான் போக முடியாதவர்களுக்கு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டனும் உண்டு.

கண்ணாடிப் பெட்டி முன்னால் நேராக நின்றால் பாதிதான் தெரியும். முழங்காலை மடக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குங்கள். மேலே உள்ள விளக்கின் ஒளி எஃகில் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்பும் ஓர் உயரம் வரும். அதுவரை வெறும் சாம்பல் நிறமாக இருந்த விளிம்பில் தோய்ச்சல் கோடு சட்டென்று எழுந்து வரும்.

படி 3: வடிவத்தைப் படிப்பது

வாளை நிமிர்த்தி, கையை நீட்டிப் பிடித்து, நிழலுருவத்தை மட்டும் பாருங்கள். ஹெயான் காலத்தின் கடைசியிலும் காமகுரா காலத்தின் தொடக்கத்திலும் (12-ஆம் நூற்றாண்டும் 13-இன் தொடக்கமும்) செய்தவை ஒல்லியானவை. வளைவு அடிப்பக்கம் ஆழமாக இருக்கும், முனை சிறியதாக இருக்கும். 1274, 1281 மங்கோலியப் படையெடுப்புகளை ஒட்டிய காலத்தில் வாள் அகலமாகி, முனை குட்டையாகத் தடிக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் நன்போக்குச்சோ காலத்தில் மிக நீண்ட வாள்களும் பெரிய முனைகளும் வருகின்றன. அப்புறம் ஒரு கையால் சட்டென்று உருவும் குட்டையான வாள்கள். அவற்றில் வளைவு முனைப்பக்கம் நகர்ந்திருக்கும். 1661 முதல் 1673 வரையிலான கன்புன் ஆண்டுகளின் வாள் கிட்டத்தட்ட நேராக, முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீளமான பழைய வாள்களைப் பிற்காலத்தவர் அடியிலிருந்து வெட்டிக் குறுக்கினார்கள். கூர்விளிம்பைத் தொடாமல் அடிப்பக்கத்தைக் குறைப்பதால் கையொப்பம் போய்விடும். கைப்பிடி ஆணிக்கு இரண்டு, மூன்று துளைகள் இருப்பது இதற்கு ஓர் அடையாளம். பெயரில்லாத வாள் மட்டமானது என்று ஒதுக்குகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 14-ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த வாள்களில் பல இன்று பெயரில்லாமல்தான் இருக்கின்றன.

படி 4: எஃகும் தோய்ச்சல் கோடும்

இதுதான் உயிரான இடம். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொல்லர் இரும்பு மணலிலிருந்து உருக்கிய தமஹகனே எஃகை மடித்து மடித்து அடிப்பதால் மேற்பரப்பில் நுண்ணிய ரேகைகள் வருகின்றன. மரப்பலகையின் நேர்வரி, சுழிவரி, கணு ஆகியவற்றின் பெயர்களாலேயே இவற்றை வகைப்படுத்துகிறார்கள். நல்ல வாளில் இந்த ரேகை அடக்கமாக, தேடிப் பார்த்தால் தெரிவதாக இருக்கும். இணையத்தில் விற்கும் புதுப் போலிகளில் தூரத்திலிருந்தே கண்ணில் அறையும் ரேகை ஆசிட் வேலை.

பிறகு வாளின் மேல் களிமண் பூசுவார்கள், முதுகில் தடிமனாக, விளிம்பில் மெல்லியதாக. சூடேற்றித் தண்ணீரில் தோய்க்கும்போது விளிம்பு வேகமாகக் குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாக நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையே ஹாமோன் என்ற தோய்ச்சல் கோடு. அந்த எல்லையில் மின்னும் துகள்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தால் நியே. பிரிக்க முடியாமல் மங்கிய வெண்மையாக ஓடினால் நியோய். சோஷு மரபு நியேவுக்குப் பேர்போனது, பிசென் மரபு நியோய்க்கு.

பார்க்கும் முறை இது. அறையின் குழல் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு சிறு பல்பை மட்டும் எரியவிடுங்கள். வாளைப் பல்பை நோக்கி நீட்டி, ஒளி எஃகில் விழும் புள்ளிக்குப் பக்கத்தில் பார்வையை வைத்து, மயிரிழை அளவு சாய்த்துக்கொண்டே வாருங்கள். மெருகிடுபவர் கல் துண்டால் தேய்த்துக் கொண்டுவந்த ஒரு வெண்மை விளிம்பை ஒட்டி இருக்கும். புதியவர்கள் அதையே ஹாமோன் என்று நினைத்துவிடுகிறார்கள். சரியான கோணம் கிடைத்ததும் அந்த வெண்மை மங்கி, அதற்குள்ளிருந்து உண்மையான கோடு பளிச்சென்று தெரியும். பல நேரம் இரண்டும் ஒரே பாதையில் போவதில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்த போலியில் எந்தக் கோணத்திலும் உள்ளே எதுவும் தெரியாது.

கோடு முனைக்குள் நுழைந்து திரும்பி முதுகுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். முனையில் கோடே இல்லையென்றால், உடைந்த முனையைத் தேய்த்துப் புது வடிவம் கொடுத்திருக்கலாம். அப்படிப்பட்ட வாளின் மதிப்பு மிகவும் இறங்கிவிடும்.

படி 5: எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்கக் கூடாது

ஹகிரே என்பது கூர்விளிம்பிலிருந்து ஹாமோனுக்குள் குறுக்காக ஏறும் மயிரிழை விரிசல். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. வாளுக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து விளிம்பு முழுக்க லென்ஸால் பாருங்கள். இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. தீ விபத்தில் தோய்ச்சல் போய், மறுபடி தோய்த்த வாளும் சேகரிப்புக்கு ஆகாது.

மடிப்பு சரியாக ஒட்டாததால் வரும் சிறு பிளவு, ரேகையோடு ஓடும் திறப்பு, பலமுறை மெருகிட்டதில் இடையிடையே உள் எஃகு தெரிவது, இவையெல்லாம் 600 ஆண்டு வாளில் சகஜம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டு வாளில் இதே குறை இருந்தால் மன்னிக்காதீர்கள். வயதுக்குத் தக்கபடிதான் கண்டிப்பு இருக்க வேண்டும்.

படி 6: கைப்பிடியைக் கழற்றி அடிப்பகுதியைப் பார்ப்பது

கைப்பிடியைப் பிடித்துவைத்திருப்பது ஒரே ஒரு மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்துவிட்டு, கைப்பிடியின் கோடியை இடது கையால் பிடித்து, கூர்விளிம்பு உங்களைப் பார்க்காதபடி வாளைச் சற்றே சாய்வாக நிமிர்த்துங்கள். வலது கை முட்டியால் இடது மணிக்கட்டில் தட்டினால் அதிர்வில் வாள் மெல்ல மேலே தளரும். தாந்தோ என்றால் மிக மெதுவாகத் தட்டுங்கள், அடிப்பகுதி குட்டை என்பதால் துள்ளி விழுந்துவிடும். சிக்கிக்கொண்ட கைப்பிடியைச் சுத்தியால் அடிக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் நகாகோ என்ற அடிப்பகுதியை யாரும் மெருகிடுவதில்லை. வாளின் வயதுச் சான்று அங்கே படிந்த துருதான். பழைய வாளில் அது கறுப்புக்குப் பக்கமான ஆழ்ந்த பழுப்பாக, தொட்டால் விரலில் ஒட்டாததாக இருக்கும். செம்மஞ்சளாகப் பொடி உதிர்ந்தால் அண்மைத் துரு, அல்லது செயற்கைத் துரு. இந்தத் துருவை எந்தக் காரணத்துக்காகவும் சுரண்டாதீர்கள், எலுமிச்சை, மணல்தாள் எதையும் கொண்டுவராதீர்கள். ஒரு நிமிடச் சுத்தத்தில் பல நூற்றாண்டுச் சான்று போய்விடும், விலையிலும் பெரும்பகுதி போய்விடும்.

இப்போதுதான் பெயர். உளிவெட்டின் விளிம்பும் துருவும் சேர்ந்தே முதிர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். துருவின் மேல் புதிதாக வெட்டிய எழுத்துக்குள் நிறம் வேறாக இருக்கும். கொத்தோ வாள்களில் தேதி இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் என்றே வெட்டியிருப்பார்கள், வழக்கம் அப்படி.

ஒரே பெயரிலும் தரம் மாறும் என்பதற்கு ஒசாஃபுனே சுகேசதா நல்ல எடுத்துக்காட்டு. 16-ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயரில் பல கொல்லர்கள் இருந்தார்கள். போர்க்காலத் தேவைக்காகக் கட்டுக்கட்டாக அடித்த வாள்களில் சுருக்கமாக ‘பிஷு ஒசாஃபுனே சுகேசதா’ என்று இருக்கும். தனிப்பட்ட கோரிக்கைக்குச் செய்த நல்ல வாள்களில் பிசென் நாடு என்று முழுமையாகத் தொடங்கி, யோசோசாயேமோன்னோஜோ போன்ற சொந்தப் பெயரும் சேர்ந்து வரும். ‘சுகேசதா கையொப்பம்’ என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் முழு வாசகத்தின் படத்தைக் கேளுங்கள்.

படி 7: சான்றிதழ்

1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் வாள்களை ஆராய்ந்து சான்று தருகிறது. கீழிருந்து மேலாகப் படிநிலைகள் ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ. போலிக் கையொப்பம் உள்ள வாளுக்குச் சான்று கிடையாது. இவற்றில் ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன் இரண்டும் 1982-இல் வந்தன. அதற்கு முந்தைய கிச்சோ வகைச் சான்றுகளில் சில நம்பத்தகுந்தவை அல்ல என்பது சேகரிப்பாளர்களின் பரவலான கருத்து, அவற்றைக் காட்டி அதிக விலை கேட்டால் தயங்குங்கள். ஜப்பானில் உள்ள வாளோடு வரும் தோரோகுஷோ என்ற பதிவுச்சீட்டு வேறு சங்கதி. அது சட்டப்படி வைத்திருக்க உரிமை தரும் தாள், தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. விற்பவர் அதையே ‘அரசுச் சான்றிதழ்’ என்று காட்டினால் குழம்பிவிடாதீர்கள்.

படி 8: அணிகலன்கள்

வாளைவிட இதில் தொடங்குவது நல்லது என்பேன். கைக்காப்புத் தகடான ட்சுபா ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம், தொடலாம், ஆபத்தில்லை, சட்டச் சிக்கலும் குறைவு.

முழு அலங்காரத்தில் ட்சுபா தவிர கைப்பிடியின் இரு முனைகளுக்கும் ஃபுச்சி, காஷிரா என்ற பூண்கள், கைப்பிடிச் சுற்றுக்கு அடியில் மெனுகி என்ற சிறு உருவங்கள், உறையின் பக்கத்தில் செருகும் கொசுகா என்ற சிறுகத்தியின் பிடி, கோகாய் என்ற ஊசி ஆகியவை உண்டு. கைப்பிடியை மூடியிருக்கும் வெள்ளைச் சொரசொரப்பு திருக்கை மீனின் தோல்.

இரும்பு ட்சுபாவில் முதலில் பரப்பையும் ஓரத்தையும் பாருங்கள். கொல்லன் அடித்த இரும்பில் சம்மட்டியின் தடமும், ஓரத்தில் கடினமான எஃகின் மேடுகளும் தெரியலாம். நடுத்துளையைச் சுற்றி வாளோடு ஒட்டியிருந்த தேய்மானமும், துளையில் பொருத்தம் பார்க்கத் திணித்த செப்புத் துண்டுகளும் இருந்தால், உண்மையிலேயே வாளில் இருந்தது என்று நம்ப ஒரு காரணம் கிடைக்கிறது. வார்ப்புப் போலியைப் பிடிக்க, வெட்டுச் சித்திரத்தின் உள்சுவர்களை லென்ஸால் பாருங்கள். அரத்தின் கோடு இல்லாமல் குமிழ்க்குழிகளும் அச்சின் இணைப்புக் கோடும் இருந்தால் வார்ப்பு.

மென்னுலோக வேலையில் இரண்டு கலவைகள் முக்கியம். செம்பில் சில சதவீதம் பொன் சேர்த்தது ஷாகுதோ. ரசாயனக் கரைசலில் கொதிக்கவைத்ததும் நீலம் கலந்த ஆழ்ந்த கறுப்பாகிறது. செம்பில் வெள்ளி சேர்த்தது ஷிபுஇச்சி, சாம்பல் நிறங்களைத் தரும். ஷாகுதோ தகட்டின் மேல் நானாகோ என்ற மணிப்பரப்பு செய்வார்கள். குழிந்த முனையுள்ள உளியை ஒவ்வொரு தட்டாகத் தட்டி, ஒரு மில்லிமீட்டரை விடச் சிறிய மணிகளை வரிசை பிசகாமல் எழுப்புவது. நல்ல கொசுகா ஒன்றை லென்ஸில் பாருங்கள். கடைசி வரிசை வரை மணிகள் ஒரே உருண்டையாக, ஓரத்தில் நெளியாமல் வந்திருக்கும். அதைச் செய்த கையின் பொறுமையை நினைத்து நான் பலமுறை பேசாமல் நின்றிருக்கிறேன்.

இந்த மரபின் பெரிய பெயர் கோத்தோ குடும்பம். யூஜோ (1440–1512) தொடங்கிவைத்து, தலைமுறை தலைமுறையாக ஆட்சியாளர்களுக்குச் செய்தவர்கள். அந்த அரசவைப் பாணியிலிருந்து விலகி, தூரிகைக் கோட்டைப் போல உளியை ஓடவிட்டவர் யொகோயா சோமின். 1876 ஆணைக்குப் பிறகு பிழைப்பு போனபோது பலர் பூச்சாடி, அலங்காரப் பொருள் என்று மாறினார்கள். கானோ நட்சுவோ (1828–1898) மெய்ஜி அரசின் நாணயங்களுக்கு வேலை செய்தார்.

சுத்தம் செய்வதில் ஒரே விதி: மென்னுலோகத்துக்கு எந்தப் பாலிஷும் வேண்டாம், அந்த நிறமே வேலையின் பாதி. இரும்பில் செந்துரு இருந்தால் எலும்பு அல்லது மூங்கில் துண்டால் மெதுவாகத் தேய்த்து, பருத்தித் துணியால் துடையுங்கள். அடியில் உள்ள கறுப்புத் துருவைத் தொடாதீர்கள்.

படி 9: முதல் வாங்குதல்

என் பரிந்துரை, பெயரில்லாத, ஆனால் ஹோசோன் சான்றுள்ள, மெருகு நன்றாக இருக்கும் ஒரு வாகிசாஷி. கட்டானா மீதான மோகத்தால் வாகிசாஷியின் விலை பொதுவாகக் குறைவு, கற்றுக்கொள்வதற்கு எஃகு அதே எஃகு. பெரிய பெயர், சான்றில்லை, விலை மலிவு என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள். தோக்கியோவில் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் வணிகர் சங்கம் நடத்தும் தாய் தோகென் இச்சி சந்தையில் ஒரே கூரையின் கீழ் ஏராளமானவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அனுமதி கேட்டு எடுங்கள், எஃகில் விரல் படக் கூடாது, திறந்த வாளின் மேல் பேசக் கூடாது.

ஜப்பானிலிருந்து வெளியே கொண்டுபோக அந்நாட்டுக் கலாச்சார முகமையின் அனுமதி வேண்டும், பதிவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தியாவில் வாளும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் பொருள். பணம் கட்டுவதற்கு முன்பே காவல்துறையிடமும் சுங்கத்துறையிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் எங்கே இருந்தாலும் இதையே செய்யுங்கள்.

நம் பக்கத்தில் தற்செயலாகக் கிடைக்கக்கூடியது இரண்டாம் உலகப் போர் வாள். 1945-இல் பர்மாவிலும் மலாயாவிலும் சரணடைந்த ஜப்பானியப் படையினரிடமிருந்து பெற்றவை பிரிட்டிஷ், இந்தியப் படையினரின் வீடுகளுக்குப் போயின. அலுமினியக் கைப்பிடியும் வரிசை எண்ணும் உள்ளது கீழ்நிலைப் படையினருக்காக இயந்திரத்தில் செய்த 95-ஆம் வகை. ஆனால் அதிகாரிகளின் வாளில் ராணுவக் கைப்பிடிக்குள் குடும்பத்தின் பழைய வாள் ஒளிந்திருக்கலாம். ஆணியைக் கழற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

படி 10: பராமரிப்பும் மெருகும்

நீண்ட நாள் வைப்பதற்கு அலங்கார உறை ஏற்றதல்ல. மக்னோலியா மரத்தில் செய்த ஷிராசாயா என்ற வெற்றுறையில் வைப்பார்கள். பழைய எண்ணெயை மென்மையான தாளால் துடைத்து, புது எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத அளவு பூசினால் போதும். கிராம்பு மணம் சேர்த்த சோஜி எண்ணெய் இதற்கென்றே கிடைக்கிறது. துடைக்கும்போது முதுகுப் பக்கத்திலிருந்து பிடித்து, அடியிலிருந்து முனைக்கு ஒரே திசையில் போங்கள். சென்னை, யாழ்ப்பாணம், பினாங்கு போன்ற கடலோர ஊர்களில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

துருப்பிடித்த வாள் ஒன்று கையில் சேர்ந்தால், உள்ளூர்ச் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு மெருகும் எஃகைக் கொஞ்சம் தின்கிறது, தவறான கை முனையின் கோட்டையும் பக்கவாட்டு விளிம்பையும் வட்டமாக்கிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர இன்னும் எஃகு போகும். முறையாகப் பயின்ற மெருகாளரிடம் முதலில் ‘சாளரம்’ மட்டும் திறக்கச் சொல்லுங்கள். சில சென்டிமீட்டர் இடத்தை மட்டும் மெருகிட்டு, உள்ளே நல்ல எஃகும் உயிருள்ள ஹாமோனும் இருக்கின்றனவா, விரிசல் இருக்கிறதா என்று சொல்வார். முழு மெருகின் செலவு வாளின் விலையையே தாண்டலாம். சாளரத்தில் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, செலவழிப்பதா, எண்ணெய் பூசி அப்படியே வைத்திருப்பதா என்று முடிவு செய்யுங்கள்.